யெஸ் சார்... பொய் சார்!

போர்டு முழுக்க சமன்பாடு எழுதி முடித்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே சார் திரும்புவார். ''எல்லாருக்கும் புரிஞ்சுதா?'' அடுத்த விநாடி மொத்த கிளாஸும் கோரஸா, ''யெஸ் சார்!'' பெல் அடிக்க இன்னும் மூணு நிமிஷம்தானே இருக்கு! உங்க கிளாஸிலும் இதே கதைதானே பாஸ்?

இந்த 'யெஸ் சார்' எவ்வளவு பெரிய பொய் என்பதை ஒரு வாத்தியாரே கண்டுபிடித்தார். அவர் பெயர் எரிக் மஸூர். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர். 1984-ல் அங்கே பாடம் நடத்த ஆரம்பித்தவருக்கு, மாணவர்கள் நல்ல மதிப்பெண்தான் போட்டார்கள். கஷ்டமான கணக்குகளையும் அசால்ட்டா போட்டுத் தள்ளினார்கள். 'நாம சூப்பரா நடத்துறோம்'னு மனுஷன் நிம்மதியா இருந்தார்.

1990-ல் ஒரு ஆய்வு அவர் கண்ணில் பட்டது. செமஸ்டர் முழுக்க நியூட்டன் விதிகளைப் படித்த பிறகும், மாணவர்கள் மனசில் பழைய தப்பான எண்ணங்கள் அப்படியே இருக்கின்றன என்றது அது. 'நம்ம பசங்க அப்படி இல்லை' என்ற நம்பிக்கையோடு அதே டெஸ்ட்டைத் தன் வகுப்பில் வைத்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது அதிக விசையைச் செலுத்தும் என்கிற ரகக் கேள்விகள். (ரெண்டும் சமம்தான் பாஸ், நியூட்டனின் மூன்றாம் விதி!) அப்போது ஒரு மாணவர் கேட்டாராம், நீங்க சொல்லிக்கொடுத்தபடி எழுதணுமா, இல்லை நான் நிஜமா நினைக்கிறபடி எழுதணுமா என்று!

ரிசல்ட், செம சொதப்பல். மின்சுற்றுப் பாடத்திலும் அதே கதை. கிர்ச்சாஃப் விதியை வைத்துப் போடும் நீளமான கணக்கை முடித்தவர்கள், சுவிட்சைப் போட்டால் எந்த பல்பு பிரகாசமாகும் என்ற கேள்வியில் வழுக்கினார்கள்.

'பசங்க சரியில்லை'ன்னு அவர் ஈஸியா சொல்லியிருக்கலாம். ஆனால், தான் நடத்தும் விதத்தைத்தான் சந்தேகப்பட்டார். ஒருநாள் ஒரு விஷயத்தை ரெண்டு தடவை விளக்கியும் எல்லா முகத்திலும் குழப்பம். ''பக்கத்துல இருக்கறவங்களோட பேசிப் பாருங்க'' என்றார். கிளாஸ் சந்தைக்கடையானது. ஆனால், சில நிமிஷங்களில் அவர்களே விடையைப் பிடித்துவிட்டார்கள்! காரணம் சிம்பிள். எந்த இடத்தில் இடிக்கும் என்பது, இப்போதுதான் இடித்துக்கொண்டு எழுந்தவனுக்குத்தானே தெரியும்? பல வருஷம் முன்னாடி படித்த வாத்தியார் அதை மறந்திருப்பார்.

அதன்பிறகு அவர் வகுப்பே மாறியது. கொஞ்சம் விளக்கம், ஒரு கேள்வி, தனியாக ஒரு பதில், பக்கத்து சீட்டோடு விவாதம், மறுபடி பதில். 1997-ல் இந்த முறையைப் புத்தகமாகவே எழுதினார். 1998-ல் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர் 6,000-க்கும் அதிகமான மாணவர்களின் முடிவுகளை ஒப்பிட்டார். மாணவர்கள் இப்படிப் பேசி, விவாதித்துப் படித்த வகுப்புகளில் கிடைத்த முன்னேற்றம், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த வகுப்புகளைவிட சராசரியாக சுமார் ரெண்டு மடங்கு.

சரி, நம்ம கதைக்கு வருவோம். போன செமஸ்டரில் எங்க மேம், கிளாஸ் முடியும்போது துண்டுச் சீட்டு கொடுப்பார். 'இன்று புரியாதது என்ன?' பெயர்கூட எழுத வேண்டாம். கன்வல்யூஷன் எனக்கு சுத்தமாகப் புரியவில்லை. ஆனாலும், 'எல்லாம் ஓகே மேம்'னு எழுதிக் கொடுத்தேன். மற்றவர்கள் சீட்டில் இருந்த சந்தேகத்தையெல்லாம் மறுநாள் வேறு மாதிரி நடத்தினார். என்னுடையது மட்டும் அப்படியே நின்றது. இன்டர்னலில் வந்தது அதே கேள்வி. விடைத்தாளில் அந்தப் பக்கம் பளிச்சுனு வெள்ளையா இருந்தது!

செமஸ்டர் முடிவில் தரும் ஃபீட்பேக் ஃபார்மில், படிக்காமலேயே எல்லாத்துக்கும் 'எக்ஸலன்ட்' டிக் அடிக்கிறோம். அப்புறம் கேன்டீனில் உட்கார்ந்து, 'அவருக்கு நடத்தவே தெரியலை மச்சி'ன்னு புலம்புறோம். தன்னைத் திருத்திக்கொள்ள நினைக்கிற ஆசிரியருக்கு நாமதான் கண்ணாடி. அதில் நாமே பெயின்ட் அடிச்சுட்டா, அவர் எதைப் பார்த்துத் திருத்திக்குவார்?

அதனால, அடுத்த முறை 'புரிஞ்சுதா?'ன்னு கேட்டா, ''மூணாவது ஸ்டெப் புரியலை சார்''னு சொல்லிப் பாருங்க. பக்கத்து பெஞ்ச் முறைக்கும். ஆனா, அவங்களுக்கும் அது புரிஞ்சிருக்காது!

நானும் போன வாரம் சீட்டில் உண்மையை எழுதிட்டேன். பெயர் போடாமல்தான். தைரியம் கொஞ்சம் கொஞ்சமாத்தானே பாஸ் வரும்!