ஜிர்கோனியா கேப்: உடையாது.. ஆனால் கழன்று வருவது ஏன்? ஒட்டும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது என்ன?

ரூட் கேனல் முடிந்ததும் அடுத்து வரும் கேள்வி, "எந்த கேப் போடலாம்?" என்பதுதான். இப்போது பலருக்கும் கிடைக்கும் பதில், ஜிர்கோனியா. பல் நிறத்தில் இருக்கும், உள்ளே உலோகம் கிடையாது, சீக்கிரம் உடையாது. கூடவே 10 வருஷம், 15 வருஷம்னு வாரண்டி கார்டு வேற!

ஆனால் சிலருக்கு சில மாதங்களிலேயே சாப்பிடும்போது கேப் முழுசா கழன்று வந்துவிடுகிறது. கேப்பில் ஒரு கீறல்கூட இருக்காது. அப்போ கோளாறு எங்கே?

ஜிர்கோனியா ஏன் இவ்வளவு உறுதி?

இது சிர்கோனியம் உலோகத்தின் ஆக்சைடு. சிறிதளவு யிட்ரியா சேர்த்து, சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுக்கிறார்கள். இதில் விரிசல் விழத் தொடங்கினால், அந்த இடத்தில் உள்ள படிகங்கள் வடிவம் மாறி லேசாக உப்பும். அந்த நெருக்கத்தில் விரிசல் மேலே பரவாமல் நின்றுவிடும். 1975-ல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'பீங்கான் எஃகா?' என்பதுதான்.

அப்படின்னா ஒட்டுவதில் என்ன சிக்கல்?

பழைய பீங்கான் கேப்களில் கண்ணாடித் தன்மை உண்டு. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் தடவினால் அந்தக் கண்ணாடி அரிக்கப்பட்டு நுண்ணிய குழிகள் உருவாகும். பசை அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஜிர்கோனியாவில் கண்ணாடியே கிடையாது. அதனால் கிளினிக்கில் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆசிட் இதை அசைப்பதில்லை.

வேறு என்ன வழி?

முதலில், கேப்பின் உள்பக்கம் சுமார் 50 மைக்ரான் அளவுள்ள அலுமினா துகள்களைக் காற்றோடு பீச்சி சொரசொரப்பாக்க வேண்டும். அழுத்தம் 1 முதல் 2 பார் போதும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட இது குறைவு. அழுத்தம் கூடிப்போனால் கேப்பே பலவீனமாகலாம். முன்பல்லுக்குப் போடும், ஒளி ஊடுருவும் ரகங்களில் இன்னும் கவனம் தேவை.

அடுத்து, எம்.டி.பி. என்ற ரசாயனம் கலந்த பிரைமர். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவானது. இந்த மூலக்கூறின் ஒரு முனையில் உள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவைப் பிடிக்கும். மறுமுனை ரெசின் சிமெண்டோடு சேரும்.

எச்சில் பட்டால் என்ன ஆகும்?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். கேப் பொருந்துகிறதா என்று வாயில் வைத்துப் பார்க்கும்போது எச்சில் படும். எச்சிலிலும் பாஸ்பேட் இருக்கு. பிரைமர் பிடிக்க வேண்டிய இடத்தை அது முந்திப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் மட்டும் போகாது. பல்லுக்குத் தடவும் பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை கேப்பில் தடவினாலும் பாஸ்பேட்தான் மிஞ்சும். இதற்கென உள்ள கிளீனிங் பேஸ்ட் போட வேண்டும்; இல்லையென்றால் மறுபடி துகள் பீச்ச வேண்டும்.

வெளிப்பக்கம்?

அங்கே கதை தலைகீழ். கடிக்கும்போது இடித்தால் டாக்டர் கேப்பின் மேல்பகுதியைக் கொஞ்சம் தேய்த்துவிடுவார். அதை அப்படியே விட்டால், சொரசொரப்பான ஜிர்கோனியா எதிர்ப் பல்லின் எனாமலைத் தேய்க்கும். நன்றாக பாலிஷ் செய்துவிட்டால் அந்தத் தேய்மானம் குறையும். சுருக்கமாக, உள்ளே சொரசொரப்பு, வெளியே வழவழப்பு.

எல்லோருக்கும் இவ்வளவும் தேவையா?

இல்லை. செதுக்கிய பல் போதிய உயரத்தில் இருந்தால் சாதாரண சிமெண்டே கேப்பை நன்றாகத் தாங்கும். பல் குட்டையாக இருந்தால்தான் மேலே சொன்ன ஒவ்வொரு படியும் முக்கியம்.

நீங்க என்ன கேட்கலாம்?

"என் பல் உயரம் போதுமா? எந்த சிமெண்ட் போடுறீங்க? வாயில் வெச்சுப் பார்த்த பிறகு உள்பக்கத்தை எப்படி சுத்தம் செய்வீங்க? தேய்ச்ச இடத்தை பாலிஷ் பண்ணியாச்சா?" இந்த நாலு கேள்வி போதும்.

கேப் கழன்றுவிட்டால் கடையில் கிடைக்கும் பசையை வாங்கி நீங்களே ஒட்டாதீங்க. கேப்பைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு சீக்கிரம் டாக்டரிடம் போங்க. கேப் நல்லா இருந்தால், பல்லில் சொத்தை இல்லையென்றால், பல நேரம் அதையே திரும்ப ஒட்டலாம்.

வாரண்டி கார்டில் உடைந்தால் என்ன என்று இருக்கும். கழன்றால் என்ன என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்க.