சங்கத்தின் ஆதரவு யாருக்கு?

தேர்தல் என்ற ஒன்று வந்துவிட்டால் நமது தேசத்தில் சங்கங்களுக்குத் திடீரென்று மவுசு ஏற்பட்டு விடுகிறது. டாக்டர்கள் சங்கம், வக்கீல்கள் சங்கம், உபாத்தியாயர் சங்கம் முதலியவற்றின் வாசலை அதுவரை எட்டிப் பாராத அபேட்சகர்களெல்லாம் கைகூப்பி வந்து நிற்கிறார்கள். சங்கத்தின் பெயரால் ஓர் ஆதரவு அறிக்கை. அவ்வளவுதான் அவர்கள் வேண்டுவது. அதைச் சங்கம் கொடுக்கலாமா? கொடுக்கலாகாது என்பது நமது அபிப்பிராயம். அதற்குக் காரணம் காட்ட அமெரிக்கா வரையில் போய் வர வேண்டியிருக்கிறது. இந்தப் பரீட்சையை அங்கே பகிரங்கமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆகாய விமானங்கள் ஒன்றோடொன்று மோதாதபடி தரையிலிருந்து வழிகாட்டும் உத்தியோகஸ்தர்கள் அந்நாட்டில் 1968-ம் வருஷம் 'பாட்கோ' என்ற சங்கத்தை நிறுவினார்கள். சர்க்கார் சிப்பந்திகள், பொறுப்போ உயிர்ப் பொறுப்பு. 1980-ம் வருஷத்துத் தேர்தலில் பெரும்பாலான தொழிற் சங்கங்கள் ஜனாதிபதி கார்ட்டரின் பக்கம் நின்றபோது, இவர்கள் ரொனால்டு ரீகனை ஆதரிப்பதென்று தீர்மானித்தார்கள். காரணம் இல்லாமலில்லை. நவீன இயந்திரங்கள் தருவதாகவும், ஆள் பலத்தையும் வேலை நாட்களையும் சீர்படுத்துவதாகவும் ரீகன் அவர்களுடைய தலைவருக்குக் கடிதமே எழுதியிருந்தார். தவிர, அவர் ஒரு காலத்தில் சினிமா நடிகர் சங்கத்துக்குத் தலைமை வகித்தவர். சங்கத்தின் கஷ்டம் சங்கத்துக்காரருக்குத் தெரியாதா?

மறு வருஷம் சம்பளம், வேலை நேரம் பற்றிய பேச்சு முறிந்தது. ஆகஸ்டு 3-ந் தேதி சுமார் 13,000 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் சிப்பந்திகள் அவ்விதம் செய்வது அந்நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். ஜனாதிபதி ரீகன் 48 மணி நேரக் கெடு விதித்தார். கெடு தீர்ந்ததும் 11,345 பேரை வேலையிலிருந்து நீக்கினார். அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரமும் ரத்தாயிற்று. நீக்கப்பட்டவர்கள் பழைய வேலைக்கு மறுபடி மனுப் போடுவதற்கு 1993-ல், கிளிண்டன் காலத்தில்தான் வழி பிறந்தது.

வேலை நிறுத்தம் சரியா, தப்பா என்பது வேறு விஷயம். ஆதரவு அறிக்கையானது அந்தக் கெடுவை ஒரு மணி நேரங்கூட நீட்டிக் கொடுக்கவில்லை என்பதே கவனிக்கத் தக்கது. சீட்டுப் பெட்டி மூடியவுடன் அபேட்சகர் ஜனாதிபதியாகி விடுகிறார்; சங்கம் மனுதாரராகி விடுகிறது.

இதற்கு மாறான கதையும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. 1857-ல் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் என்னும் ஆசிரியர் சங்கம், 1976-ல் முதல் தடவையாக ஜனாதிபதி தேர்தலில் ஒருவரை ஆதரித்தது. அவர்தான் கார்ட்டர். அவர் ஜயித்தார். கல்விக்குத் தனி இலாகா அமைக்கும் சட்டமும் 1979-ல் நிறைவேறியது. கேட்டது கிடைத்து விட்டதே என்று நேயர்கள் சொல்லக் கூடும். கிடைத்தது வாஸ்தவந்தான். ஆனால் எதிர்க் கட்சியாரில் பலருடைய கண்ணுக்கு அது ஆசிரியர் சங்கத்துக்குக் கொடுத்த சன்மானமாகத் தென்பட்டது. அதை ஒழிப்பேன் என்று 1980-லேயே ரீகன் பிரசாரம் செய்தார். 2025 மார்ச்சில் அதை மூட ஏற்பாடு செய்யும்படி ஜனாதிபதி ட்ரம்ப் உத்தரவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காரியம் இப்படிக் கட்சிக் காரியமாயிற்று.

இன்னொன்று, சங்கமல்ல, பத்திரிகை. 'நேச்சர்' என்னும் பிரசித்தி பெற்ற விஞ்ஞானப் பத்திரிகை 2020-ல் ஜோ பைடனை ஆதரித்து எழுதியது. அதன் பலனை ஆராய்ந்து 2023-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்த ஆதரவைப் பற்றி அறிந்த ட்ரம்ப் கட்சியாருக்கு அப்பத்திரிகையிடம் நம்பிக்கை குறைந்தது. கொரோனா நோயைக் குறித்து அது சொல்வதைப் படிக்கும் விருப்பமும் குறைந்தது. பைடன் கட்சியாரின் மனத்திலோ பெரிய மாறுதல் இல்லை. நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். கொள்ளை நோய்க் காலத்தில் யார் கேட்டாக வேண்டுமோ, அவர்களே காதைப் பொத்திக் கொண்டார்கள்.

"சுதந்திரப் போரில் வக்கீல்கள் ஒதுங்கியா நின்றார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஒத்துழையாமைக் காலத்தில் மோதிலால் நேருவும், சித்தரஞ்சன் தாஸும், நமது ராஜாஜியும் வக்கீல் தொழிலை உதறினார்கள். தத்தம் பெயரால், தத்தம் வருமானத்தை இழந்து செய்தார்கள். தேசத்துக்காகச் செய்த தியாகத்தையும், ஒரு தொகுதியில் ஒரு கட்சிக்காரருக்குக் கொடுக்கும் சிபாரிசையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? சங்கத்தின் அறிக்கையில் கொடுப்பவருக்குச் சொந்த நஷ்டம் எதுவும் இல்லை. நூறு பேர் கொண்ட சங்கத்தில் அறுபது பேர் கையைத் தூக்கினால், பாக்கி நாற்பது பேரின் சந்தாவும் பெயருமல்லவா சேர்ந்து போகின்றன! தொழிலை முன்னிட்டுச் சேர்ந்தவர்கள் அவர்கள், கட்சியை முன்னிட்டல்ல.

இப்படிச் சொல்வதனால் சங்கங்கள் வாய் மூடிக் கிடக்க வேண்டுமென்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் படுக்கை போதாது, பள்ளிக்கூடத்துக்கு உபாத்தியாயர் போதாது என்று உரக்கச் சொல்லட்டும். கெட்ட மசோதாவை எந்தக் கட்சி கொண்டு வந்தாலும் எதிர்க்கட்டும். கேள்விகளை அச்சிட்டு வைத்துக் கொண்டு, வாசலில் வந்து நிற்கும் அபேட்சகரிடம் காரியதரிசி ஒரு பிரதியைக் கொடுத்து, கையெழுத்துடன் பதில் கேட்கட்டும். மறுநாள் எதிர் அபேட்சகரும் வருவார். அவருக்கும் ஒரு பிரதி தயாராயிருக்கட்டும்.