இரைச்சலில் ஓர் உறக்கம்



ஊரிலிருந்து பிள்ளைகளிடம் வந்து தங்கும் பெரியவர்கள் பலர் குளிரைக் கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். இரவின் நிசப்தத்தைத்தான் பொறுக்க முடிவதில்லை. ஆயுள் முழுதும் தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் ஓசையில் உறங்கிப் பழகியவர்கள் அவர்கள். கர்க்லாண்டில் குளிர்காலத்தில் சன்னல்களை இறுக மூடிவிட்டால், வீட்டில் பலகை ஒன்று 'படக்' என்றாலும் விழித்துக்கொள்கிறார்கள்.

இதற்காகப் பிள்ளைகள் ஒரு சிறு கருவியை வாங்கித் தருகிறார்கள். மழை, அருவி, மின்விசிறி ஆகியவற்றின் ஓசையை அது இரவெல்லாம் எழுப்பும். இன்று கைபேசியிலும் இதே வசதி உண்டு. எல்லாச் சுருதிகளும் சம அளவில் கலந்த 'உஸ்' என்ற ஒலிக்கு வெள்ளை இரைச்சல் என்று பெயர். எல்லா நிறங்களும் கலந்தால் வெள்ளொளி ஆவதைப் போல.

இது எப்படி வேலை செய்கிறது? நாம் உறங்கும்போதும் செவி விழித்தே இருக்கிறது. சீரான சத்தத்துக்கு மூளை பழகிவிடும். திடீர் மாற்றம்தான் நம்மை எழுப்புகிறது. பட்டப்பகலில் அகல் விளக்கின் ஒளி தெரியாததைப் போல, சீரான இரைச்சலுக்குள் சிறு சத்தங்கள் மறைந்துவிடுகின்றன.

பலன் உண்டா? 1990-ல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து ஒரு வாரத்துக்குட்பட்ட 20 சிசுக்களுக்கு இவ்வொலியைக் கேட்கச் செய்தார்கள். 16 சிசுக்கள் ஐந்து நிமிடத்தில் உறங்கின. ஒலி கேட்காத மற்ற 20 சிசுக்களில் ஐந்துதான் உறங்கின. ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை, உறக்கம் மேம்படுகிறது என்பதற்கான சான்று மிகவும் பலவீனமானது என்றே முடித்தது.

பேரக் குழந்தைகள் உள்ள வீட்டார் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 14 கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் எல்லாக் கருவிகளுமே, மருத்துவமனைச் சிசு அறைகளுக்கு விதித்த 50 டெசிபல் வரம்பைத் தாண்டின. மூன்று கருவிகள் 85 டெசிபலையும் தாண்டின. கியூபெக்கில் 2023 முதல் தொழிலாளிக்கு எட்டு மணி நேரத்துக்கு உரிய உச்சவரம்பே அந்த 85 டெசிபல்தான். தொழிலாளியாவது காதுக்கு உறை அணிவார்; தொட்டில் குழந்தை என்ன செய்யும்?

ஆகவே, கருவியைத் தொட்டிலில் கட்டாதீர்கள். குறைந்தது 2 மீட்டர் தள்ளி வையுங்கள். சத்தத்தைக் குறைத்து, குழந்தை உறங்கியதும் அணைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கும் இதே முறைதான். பக்கத்தில் ஒருவர் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் சத்தம் அதிகம் என்று பொருள்.

மற்றொன்று. கணவரின் குறட்டைக்குப் பயந்து இக்கருவியை வைத்துக்கொள்ளும் சகோதரிகள் ஓரிரவு அதை அணைத்துவிட்டு உற்றுக் கேளுங்கள். குறட்டை சட்டென்று நின்று, சில விநாடி மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கும். உடனே குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவி சத்தத்தை மறைக்குமே தவிர, நோயைத் தீர்க்காது.

உறக்கம் பற்றிய உங்கள் ஐயங்களைச் சங்கத்துக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் பதில் தருகிறேன்.