டம்ளருக்குப் போகும் வழி

ஓட்டல் மேசைகளைப் பற்றி நான் புலம்புவது இந்தப் பத்தியில் புதிதல்ல. இந்த வாரம் எரிச்சல் மூட்டியது ஓர் அக்ரிலிக் ஸ்டாண்டு. 'எங்களை மதிப்பிடுங்கள்' என்று ஒரு க்யூஆர் கோடு, இலைக்கும் தண்ணீர் டம்ளருக்கும் நட்டநடுவே. "இதைக் கொஞ்சம் எடுத்துடுங்க தம்பி" என்றேன். "மேனேஜர் திட்டுவார் சார்" என்றார் சர்வர்.

எதற்கெடுத்தாலும் நட்சத்திரம் கேட்கும் இந்த வியாதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஸ்டாண்டை ஒதுக்கிக்கொண்டு கை தானாகவே டம்ளருக்குப் போனதே, மனம் அதிலேயே நின்றுவிட்டது.

பிரான்ஸின் லியோன் நகரில் மார்க் ஜானரோ என்பவர் 1980களில் இதைப் படம்பிடித்து அளந்தார். கை நகரும்போதே விரல்கள் விரிகின்றன. பொருளின் அகலத்தையும் மிஞ்சி விரிந்து, தொடுவதற்கு முன் குறுகுகின்றன. பக்கத்தில் வேறு பொருள் இருந்தால் கை வேகம் தணிகிறது, விரல்கள் அவ்வளவு விரிவதில்லை. கவனம் சிதறுவதே காரணம் என்றது ஒரு கட்சி. இடித்துவிடாமல் இருக்கத்தான் என்று 1998இல் வாதிட்டார் ஜேம்ஸ் டிரெசிலியன். என் ஓட்டு அவருக்கே. தடை நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கையின் போக்கும் மாறுகிறதே!

2004இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைவிட விசித்திரம். முதலாவதில், மூளையின் மேல்பின்பகுதி இருபுறமும் பழுதான இரண்டு நோயாளிகள். இரண்டு உருளைகளுக்கு நடுவே கையை நீட்டச் சொன்னார்கள். உருளைகளை இடம் மாற்றி வைத்தால் நம் கை வழியை மாற்றிக்கொள்ளும். அவர்கள் கை மாற்றவில்லை. பார்வைக் குறையோ என்றால் அதுவும் இல்லை. இரண்டுக்கும் மத்தி எது என்று கேட்டதும் உருளைகளின் இடத்துக்கேற்பச் சுட்டிக் காட்டினார்கள்.

அடுத்த ஆய்வில் ஒரே ஒருவர். இருபுறமும் ஒரே சமயத்தில் பொருள் இருந்தால் இடப்புறத்தது அவர் கவனத்திலிருந்து நழுவிவிடும். இரு பக்கமும் குச்சி நட்டு, நடுவே கையை நீட்டச் சொன்னார்கள். இடது குச்சியைப் பார்க்கவே இல்லை என்று அவர் சொன்ன முறைகளிலும் கை அதை விட்டு விலகியே போயிருந்தது, அதைப் பார்த்ததாகச் சொன்ன முறைகளில் எப்படிப் போனதோ அப்படியே.