எஞ்சினே இல்லாத குதிரை டிரெய்லருக்கு இன்சூரன்ஸ் எதுக்கு? நாடுகாணி ரோட்டை வைத்து ஒரு கணக்கு

கூடலூரில் இருந்து வரும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர் பக்கம் போகிறது. இன்னொன்று காட்டுக்குள் இறங்கி கேரளாவின் வழிக்கடவு, நிலம்பூர் வரை போகிறது. மூடுபனி, அடுத்தடுத்து வளைவுகள், எந்த நேரமும் குறுக்கே வரக்கூடிய யானை. 2019 ஆகஸ்ட் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. இப்படிப்பட்ட ரோட்டில் ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர், அதற்குள் சில நூறு கிலோ எடையில் நின்றுகொண்டு அசையும் ஒரு குதிரை என்றால், இன்சூரன்ஸ் வேணுமா வேணாமா என்பது வெறும் பேப்பர் விஷயம் இல்லை.

நம்ம ஊரில் குதிரைகள் பெரும்பாலும் லாரியில்தான் பயணம் செய்கின்றன. ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை கோடை சீசனுக்குக் குதிரைகள் மலையேறி வந்தன. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சவாரிக் குதிரைகள் இன்றும் இருக்கின்றன. ரைடிங் ஸ்கூல், எஸ்டேட் ஸ்டே என்று யோசிப்பவர்கள் டிரெய்லர் பக்கம் வரும்போது கேட்கும் முதல் கேள்வி, "அதில் எஞ்சினே இல்லையே, இழுக்கும் வண்டியின் பாலிசி போதாதா?"

போதாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-ன்படி 'மோட்டார் வாகனம்' என்பதில் டிரெய்லரும் அடக்கம். பிரிவு 61 அதற்குத் தனிப் பதிவு கேட்கிறது. பிரிவு 146, பொது இடத்தில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது. இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மறுமுறை அபராதம் 4,000.

2,000 தானே, கட்டிட்டுப் போயிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னொரு கணக்கைப் பார்க்கணும். இறக்கத்தில் கொக்கி கழன்று டிரெய்லர் எதிரே வரும் பைக்கில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிரிழப்புக்கான இழப்பீட்டை இறந்தவரின் வயது, வருமானம் பார்த்து தீர்ப்பாயம் முடிவு செய்யும். சம்பாதிக்கும் இளைஞர் என்றால் அது பல லட்சம் போகும். பாலிசி இல்லாவிட்டால் அந்தத் தொகை டிரெய்லர் உரிமையாளரின் வீடு, நிலம், குதிரை என எல்லாவற்றையும் தொடும். தோட்டத்துக்குள்ளேயே, ரோட்டுக்கு வராமல் நிற்கும் டிரெய்லருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் வாங்கியதே குதிரையை வெளியே கொண்டுபோகத்தானே?

ஆக, மூன்றாம் நபர் காப்பீட்டில் யோசிக்க எதுவுமே இல்லை. யோசிக்க வேண்டியது சொந்த சேதத்துக்கான கவர் பற்றித்தான். வழக்கமான பாலிசியில் தீ, திருட்டு, வெள்ளம், விபத்தோடு நிலச்சரிவு, பாறைச்சரிவும் சேர்ந்தே வரும். நீலகிரிக்கு அந்த ஒரு வரியே காசுக்குத் தகும். அதே சமயம் வண்டிக்குப் பாலிசியில் போடும் மதிப்பு வருஷா வருஷம் குறையும். இரண்டாம் வருஷத்தில் 20% கழிவு, ஐந்தாம் வருஷத்தில் 50%. பழைய டிரெய்லர், கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கு என்றால் சொந்த சேதக் கவரை விட்டுவிடுவது தப்பான முடிவு இல்லை. புதுசு, அதுவும் கடனில் என்றால் விடவே கூடாது.

சரி, உள்ளே நிற்கும் குதிரைக்கு? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வண்டியின் பாலிசி குதிரைக்கு ஒரு ரூபாய்கூட தராது. அடுத்தவர் குதிரையை ஏற்றிப் போனாலும் அதே கதிதான், ஏற்றிச் செல்லும் பொருள் மூன்றாம் நபர் சொத்தாகக் கணக்கில் வராது. குதிரைக்குத் தனியே கால்நடைக் காப்பீடு எடுக்கணும், பயணமும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்கணும். தேசிய கால்நடை இயக்கத்தில் குதிரைக்கும் பிரீமிய மானியம் உண்டு. 2024-ல் பயனாளியின் பங்கு 15% ஆகக் குறைக்கப்பட்டது. கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

பாலிசி கையில் இருந்தும் கிளெய்ம் அடிபடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். சொந்த உபயோக ஜீப்பில் வாடகைக்குக் குதிரை ஏற்றினால் பாலிசி நிபந்தனை மீறல். பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டினாலும் சிக்கல். அந்த மாதிரி மீறல்களில் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பது சகஜம். லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

இடவசதிக்கும் விதி இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடமும், ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்பும் வேணும். செலவை மிச்சம் பிடிக்க இரண்டு குதிரை இடத்தில் மூன்றை அடைத்தால், சர்வேயர் வந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். குதிரையைப் பிடித்துக்கொள்ள டிரெய்லருக்குள்ளேயே ஒரு ஆளை நிற்க வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதுதான். அவருக்கு ஏதாவது ஆனால் எந்த பாலிசியில் கேட்பது என்றே வருஷக்கணக்கில் வழக்கு இழுக்கும். குதிரைக்காரர் முன் வண்டியில் உட்காரட்டும், அவர் பெயரில் பணியாளர் கவர் இருக்கட்டும்.