இம்யூனிட்டி பூஸ்டர்: எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே கூடுமா? யாருக்கு ஆபத்து?

மழைக்காலம் தொடங்கி வீட்டில் ஒருவர் தும்ம ஆரம்பித்தால் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்துவிடும். சீந்தில் பொடி, நிலவேம்பு கஷாயம், சுருள்பாசி மாத்திரை, மஞ்சள் கேப்சூல்... எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்: "இம்யூனிட்டி கூடும்".

கொரோனா காலத்தில் டீக்கடை வரை பரவிய சொல் இது. தொற்று தணிந்த பிறகும் மெடிக்கல் ஷாப் அலமாரியில் இருந்து இறங்கவே இல்லை.

தாவரங்களிலும் பாசிகளிலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் வேதிப்பொருட்கள் இருப்பது உண்மைதான். அவற்றில் ஒன்று இன்று தடுப்பூசிகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால், எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் என்று வாங்கிச் சாப்பிட்டவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும், அடங்கியிருந்த நோய் மீண்டும் கிளம்பியவர்களும் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் என்ன?

எதிர்ப்பு சக்தியை 'கூட்ட' முடியுமா?

நோய் எதிர்ப்பு சக்தி என்பது போன் பேட்டரி மாதிரி 40 சதவீதம், 80 சதவீதம் என்று அளக்கக்கூடிய ஒற்றை விஷயம் அல்ல. அது பல வகை செல்களும் சுரப்புகளும் சேர்ந்து இயங்கும் ஒரு பெரிய ஏற்பாடு.

அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு, வெளியாள் யார் நுழைந்தாலும் உடனே பாய்ந்து தாக்கும். இரண்டாவது அடுக்கு, எந்தக் கிருமி என்று அடையாளம் கண்டு, அதற்கென்றே ஆன்டிபாடிகளை உருவாக்கி, நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்குத் தாக்கத் தெரிவது எவ்வளவு முக்கியமோ, நிறுத்தத் தெரிவதும் அவ்வளவு முக்கியம். நிறுத்தத் தெரியாமல் போனால் அதுவே நோய். தூசிக்கும் மகரந்தத்துக்கும் எகிறினால் அலர்ஜி. சொந்த மூட்டையே தாக்கினால் முடக்குவாதம். தோல், சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கினால் லூபஸ்.

கொரோனாவே இதற்கு உதாரணம். தீவிர நோயாளிகள் பலரின் நிலைமை மோசமாகக் காரணம், எதிர்ப்பு மண்டலம் கட்டுப்பாடின்றிக் கொந்தளித்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்த மருந்தைக் கண்டறிந்தது. அது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து அது.

ஊரே 'பூஸ்டர்' தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஐ.சி.யூ.வில் உயிர்களைக் காப்பாற்றியது அதற்கு நேரெதிரான மருந்துதான்.

பாசியைப் பார்த்து உடல் ஏன் உஷாராகிறது?

சில பாசிகளின் செல்களில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. பூஞ்சைகளின் செல் சுவரிலும் இதே வகைப் பொருள் உண்டு. நம் உடலின் விழுங்கு செல்கள் இதைத் தொட்டுப் பார்த்ததும் 'பூஞ்சை வந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு சுறுசுறுப்பாகின்றன.

சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினா கதையும் ஏறக்குறைய இதுதான். பெயரில் பாசி இருந்தாலும், அறிவியல் வகைப்பாட்டில் அது ஒரு வகை பாக்டீரியா. அதன் செல் சுவரில் உள்ள சில புரதங்களை உடல் பாக்டீரியாவின் அடையாளமாகவே படிக்கிறது.

அதாவது, இங்கே புதிதாக சக்தி எதுவும் உடலுக்குள் ஊற்றப்படுவதில்லை. எச்சரிக்கை மணியை அடிக்கிறோம், அவ்வளவுதான். ஆய்வகக் கண்ணாடித் தட்டில் இந்த மணி நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் வாய்வழியாகச் சாப்பிட்டு, வயிற்று அமிலத்தையும் குடலையும் தாண்டிய பிறகு எவ்வளவு ஒலிக்கும், அதனால் காய்ச்சல் வராமல் இருக்குமா என்பது வேறு கேள்வி. விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன.

ஊசிக்குள் போன மரப்பட்டை

எச்சரிக்கை மணியை சரியாக அடித்தால் என்ன பலன் கிடைக்கும் என்பதற்கு நல்ல சாட்சி ஒரு மரம்.

1920களில் பிரான்ஸைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் காஸ்தோன் ரமோன், டிப்தீரியாவுக்கு எதிரான மருந்து தயாரிக்க குதிரைகளுக்கு ஊசி போட்டு வந்தார். ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வந்த குதிரைகளின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அதிகம் இருப்பதைக் கவனித்தார். வேண்டுமென்றே வீக்கத்தை உண்டாக்க மரவள்ளி மாவு உள்ளிட்ட பலவற்றைக் கலந்து பார்த்தார். தடுப்பூசியோடு சேர்த்து அதன் வேலையைக் கூட்டும் இப்படிப்பட்ட பொருளுக்கு 'அட்ஜுவன்ட்' என்று பெயர்.

பின்னாளில் கிடைத்த முக்கியமான அட்ஜுவன்ட், தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் கில்லாயா மரத்தின் பட்டையில் இருந்து வந்தது. அந்தப் பட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வரும். நம் ஊர் பூந்திக்கொட்டை, சீயக்காய் நுரைப்பதற்கும் அதே வகைப் பொருள்தான் காரணம். பெயர் சாபோனின்.

பட்டைச் சாற்றை அப்படியே ஊசியில் போட முடியாது. சாபோனின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் விஞ்ஞானிகள் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். அதில் பயனுள்ளதாகத் தெரிந்த 21வது பகுதிக்கு 'கியூ.எஸ்-21' என்று பெயர் வைத்தார்கள். அதன் விஷத்தன்மையை அடக்க, கொலஸ்ட்ரால் கலந்த நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் வைத்தார்கள்.

பலன் பெரிது. அக்கி நோய்க்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில் இது இருக்கிறது. 2017ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்தத் தடுப்பூசி, 2023ல் இந்தியாவுக்கும் வந்தது. வயதானவர்களுக்குத் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது என்பது பழைய பிரச்சினை. அட்ஜுவன்ட் இல்லாத முந்தைய அக்கி தடுப்பூசி, 70 வயதைக் கடந்தவர்களுக்கு 38 சதவீத பாதுகாப்பே தந்தது. ஷிங்ரிக்ஸ் சோதனைகளில் அதே வயதினருக்கு சுமார் 90 சதவீத பாதுகாப்பு கிடைத்தது.

மலேரியாவுக்கு எதிராக உலக சுகாதார நிறுவனம் 2021லும் 2023லும் பரிந்துரைத்த இரண்டு தடுப்பூசிகளிலும் கில்லாயா மரத்தின் சாபோனின்கள் இருக்கின்றன. இரண்டாவதான ஆர்21 தடுப்பூசியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து தயாரிப்பது புனேயில் உள்ள சீரம் நிறுவனம்.

ஒரு மரத்தை மட்டும் எவ்வளவு காலம் நம்பியிருப்பது? 2024ல் அமெரிக்க விஞ்ஞானிகள் தலைமையிலான குழு, மரபணு மாற்றிய ஈஸ்ட்டுக்குள்ளேயே கியூ.எஸ்-21ஐ உருவாக்கிக் காட்டியது. அதற்கு ஆறு வகை உயிரினங்களில் இருந்து 38 நொதிகளை ஈஸ்ட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

பொடிக்கும் ஊசிக்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது அளவு. ஷிங்ரிக்ஸின் ஒரு டோஸில் இருக்கும் கியூ.எஸ்-21 வெறும் 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. 'ஒரு ஸ்பூன் போட்டுக்கோங்க' என்ற கணக்கே இங்கே கிடையாது.

இரண்டாவது குறி. தடுப்பூசியில் கிருமியின் அடையாளமும் கூடவே போகிறது. மணி அடிக்கும்போதே யாரைத் தாக்க வேண்டும் என்ற முகவரியும் தரப்படுகிறது. பொடியில் மணி மட்டும்தான், முகவரி இல்லை.

மூன்றாவது காலம். தடுப்பூசி சில தடவை போட்டதோடு முடிந்தது. பொடியை மாதக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறார்கள்.

சீந்தில்: மும்பையில் இருந்து வந்த எச்சரிக்கை

வட இந்தியாவில் கிலோய் என்று அழைக்கப்படும் சீந்தில், கொரோனா காலத்தில் வீடு வீடாகப் போனது. 2021ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. சீந்தில் பாதுகாப்பானது, அதேபோலத் தோற்றமளிக்கும் வேறு கொடியை மாற்றிப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது.

அடுத்து, நாட்டின் 13 மருத்துவ மையங்களைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக நடத்திய ஆய்வு 2022ல் வெளியானது. இதில் பதிவானது 43 நோயாளிகள். பலரிடம் தெரிந்தது, எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் நோயின் அறிகுறிகள்.

சீந்தில் சாப்பிட்ட எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சாப்பிட்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அந்தச் சிலரில் தான் ஒருவரா என்பது பாட்டிலை வாங்கும்போது யாருக்கும் தெரியாது.

மஞ்சளிலும் இந்த சிக்கல் தெரியவந்திருக்கிறது. அமெரிக்காவில் மஞ்சள் சப்ளிமென்ட்டால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை ஆராய்ந்தபோது, 7 பேரிடம் எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புடைய ஒரே மரபணு வகை இருந்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். கேப்சூலில் இருப்பது செறிவூட்டிய சாறு. சிலவற்றில் மிளகின் பைபரினும் சேர்க்கப்படுகிறது. பைபரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் உடலில் சேருவது 20 மடங்கு கூடும் என்பது 1998லேயே பெங்களூரு ஆய்வில் தெரியவந்தது.

சுருள்பாசியும் நிலவேம்பும்

2004ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக தோல் மருத்துவர்கள் 3 நோயாளிகளைப் பற்றிப் பதிவு செய்தார்கள். எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மூலிகை, பாசி சப்ளிமென்ட்களை எடுத்த பிறகு இவர்களுக்கு தன்னுடல் தாக்கு நோய் கிளம்பியது, அல்லது தீவிரமானது.

இன்னொரு பிரச்சினை கலப்படம். திறந்த நீர்நிலையில் எடுக்கப்படும் பாசியோடு, மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சை உண்டாக்கும் வேறு பாசியும் கலந்து வரலாம். இதனால்தான் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் 1997லேயே ஒரு கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என உச்சவரம்பு வைத்தது. சுத்தமான தொட்டியில் வளர்த்து, பரிசோதித்து விற்கும் சுருள்பாசி புரதம் நிறைந்த உணவு. கேள்வி எழுவது அதை மருந்தாக விற்கும்போதுதான்.

நிலவேம்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டெங்கு பரவிய காலங்களில் அரசே நிலவேம்புக் குடிநீரை விநியோகித்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், இதன் முக்கிய வேதிப்பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு, ஆய்வக சோதனைகளில் அழற்சியைத் தூண்டும் பாதையைத் தடுக்கிறது. கூட்டுவதைவிடத் தணிப்பதுதான் அங்கே தெரிகிறது. 'பூஸ்டர்' என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு இதுவே போதும். சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்திருக்கிறது.

ராமநாதபுரம் கடலில் என்ன இருக்கிறது?

மண்டபம், பாம்பன் பகுதியில் தலைமுறைகளாகப் பெண்கள் கடலில் மூழ்கி பாசி எடுக்கிறார்கள். இப்போது கயிறுகளிலும் மூங்கில் மிதவைகளிலும் கப்பாஃபைகஸ் என்ற பாசி வளர்க்கப்படுகிறது. இதில் இருந்து கிடைப்பது கராஜினன் என்ற பசைப்பொருள். ஐஸ்கிரீம், டூத்பேஸ்ட் போன்றவற்றைக் கெட்டியாக்க இது பயன்படுகிறது.

இதே குடும்பப் பொருளான அயோட்டா கராஜினன் கலந்த மூக்கு ஸ்ப்ரேயை, 2020ல் அர்ஜென்டினாவில் 394 மருத்துவப் பணியாளர்களிடம் சோதித்தார்கள். ஸ்ப்ரே பயன்படுத்தியவர்களில் 2 பேருக்கும், மற்றவர்களில் 10 பேருக்கும் கொரோனா வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் இங்கேயும் எதிர்ப்பு சக்தி கூடவில்லை. வழவழப்பான பசை, வைரஸ் ஒட்டாமல் வாசலிலேயே மறிக்கிறது என்பதுதான் விளக்கம்.

பாசிக்கு மதிப்பு கூட வேண்டும் என்றால், அதன் பொருள் எங்கே, எப்படி வேலை செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும். லேபிளில் 'இம்யூனிட்டி' என்று அச்சடிப்பது அதற்கு ஈடாகாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கல்லீரல் நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது.

சாப்பிடும்போது கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, பசியே இல்லாமல் போவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாட்டிலையும் கையில் எடுத்துச் செல்வது நல்லது. 'மூலிகைதானே, அதை ஏன் சொல்லணும்' என்று மறைத்தால், காரணம் தெரியாமலே சிகிச்சை நடக்கும்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஹெல்த் சப்ளிமென்ட் என்று விற்கப்படுபவற்றில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் என்ன வாக்குறுதி இருந்தாலும், சட்டம் அதை மருந்தாக ஏற்கவில்லை என்பதற்கு அந்த வரிதான் அத்தாட்சி.

எதிர்ப்பு மண்டலம் ஒழுங்காக இயங்கத் தேவையானவை பழைய விஷயங்கள்தான்: போதுமான தூக்கம், காய்கறியும் புரதமும் உள்ள சாப்பாடு, நடை, கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை அளவு, வயதுக்கேற்ற தடுப்பூசி. அந்த தடுப்பூசிகள் சிலவற்றுக்குள், அளந்து வைத்த ஒரு துளி மரப்பட்டையும் இருக்கிறது.