வீட்டம்மாவும் வெள்ளை போர்டு பஸ்ஸும்

ரெண்டு வாரமா பதிவு எதுவும் போடலை. உளுந்து வித்த காசு கைக்கு வந்ததும் வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போயிட்டு வந்தேன்.

திரும்பி வந்த மறுநாள் டீக்கடையில கேட்டாங்க. "என்ன, மெட்ராஸ்ல ஏதும் கல்யாணமா?" இல்லைன்னேன். "அப்ப ஆஸ்பத்திரியா? யாருக்கு முடியலை?" அதுவும் இல்லை, சும்மா சுத்திப் பார்க்கப் போனோம்னு சொன்னதும் கடையே ஒரு மாதிரி பார்த்துச்சு. ஒருத்தர் கேட்டே விட்டார், "ரெண்டு பேரும் கிழவன் கிழவி ஆகப்போற வயசுல மால் பார்க்கப் போனீங்களாக்கும்?"

ஆமா, போனோம். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

நம்ம திருநள்ளாறுக்கு சனிக்கிழமை ஆனா எங்கெங்கிருந்தோ சனம் வருது. கார்ல வந்து இறங்குறாங்க, நளன் குளத்துல முழுகுறாங்க, சனீஸ்வரரைக் கும்பிடுறாங்க, அதே கார்ல ஏறிப் போயிடுறாங்க. பக்கத்துல ஆறு ஓடுது, வயல் கிடக்குது, திரும்பிப் பார்க்கிறதில்லைன்னு நாம குறை சொல்றோம். ஆனா நாம மெட்ராஸ் போனா மட்டும் என்ன கிழிக்கிறோம்? கல்யாண மண்டபத்துக்கு வேன்ல போய் இறங்குறோம், மொய் எழுதுறோம், சாப்பிட்டுட்டு அதே வேன்ல ஏறித் தூங்கிக்கிட்டே வந்துடுறோம். நானே நாலஞ்சு தரம் அப்படித்தான் போயிட்டு வந்திருக்கேன்.

இந்தத் தடவை கிளம்பினதுக்குக் காரணம் வீட்டம்மா சொன்ன ஒரு வார்த்தை. பொண்ணு குரோம்பேட்டையில இருக்கா. அவ போன்ல, "அம்மா, வாம்மா, ஊர் சுத்திப் பார்க்கலாம்"னு கூப்பிட்டதுக்கு இவ, "அப்பா விடணுமே"ன்னு சொல்லிட்டா. நான் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். காதுல விழுந்துச்சு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். நான் எப்ப தடுத்தேன்னு சண்டை போடலாம்னு எழுந்தவன், யோசிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்துட்டேன். அவ போனதெல்லாம் எழவு வீடு, காதுகுத்து, பிரசவ ஆஸ்பத்திரி, குலதெய்வம் கோயில். காரைக்கால் கடைத்தெருவுக்கே என் வண்டிக்குப் பின்னாடி உட்கார்ந்துதான். எனக்கு நேரம் இருந்தா அவளுக்குக் கடைத்தெரு, இல்லாட்டி இல்லை.

சித்திரை மாசம் வயல்ல வேலை கிடையாது. சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்தாச்சு. மேட்டூரை ஜூன் 12 திறந்தாலும் கடைமடைக்காரன் நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி எட்டிப் பார்க்க இன்னும் நாளாகும். இதை விட்டா வேற மாசம் ஏது?

காரைக்கால்ல ராத்திரி பஸ் ஏறி விடியக்காலம் கிளாம்பாக்கத்துல இறங்கினோம். 2023 டிசம்பர் கடைசியில திறந்த பஸ் ஸ்டாண்டு. ஊருக்கு வெளியில கொண்டுபோய் வச்சிட்டாங்கன்னு நிறைய பேருக்குக் கோபம். வடசென்னைக்குப் போறவங்களுக்கு அது நியாயமான கோபம்தான். குரோம்பேட்டை, தாம்பரம் போற நமக்கு அது வசதி. கோயம்பேடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்ற பாடு இல்லை.

அங்கேயே டவுன் பஸ் பிடிச்சோம். முன்பக்கம் ரோஸ் கலர் அடிச்ச வெள்ளை போர்டு பஸ். தமிழ்நாட்டுல 2021 மே மாசத்துலேர்ந்து இந்த சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். நாம பாண்டிச்சேரி மாநிலம் ஆச்சே, 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்த ஊர்க்காரங்க, நமக்கு உண்டா? ஆதார் கேட்பாங்களோன்னு பையில எடுத்து வச்சிருந்தேன். கண்டக்டர் ஒண்ணும் கேட்கலை. அவ கையில சீட்டைக் கொடுத்துட்டு என்னைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு?"ன்னார். நான் காசு எடுத்தேன். வீட்டம்மா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு மடிச்சுச் சுருக்குப்பையில வச்சுக்கிட்டா. இன்னமும் இருக்கு அது.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். "மாமா, வெயில் கொளுத்துது, போன்ல டாக்ஸி போட்டுத் தர்றேன், ஏசியில போங்க"ன்னார். அண்ணா சாலைக்கு நானூத்திச் சொச்சம் காட்டுச்சு. வேண்டாம்னுட்டேன். கஞ்சத்தனம்னு நினைச்சுக்காதீங்க, அதுவும் கொஞ்சம் உண்டுதான். ஆனா டாக்ஸியில போனா டிரைவர் முதுகும் முன்னாடி நிக்கிற கார் முதுகும்தான் தெரியும். குரோம்பேட்டையில மின்சார ரயில் ஏறி, கிண்டியில இறங்கி, மெட்ரோ பிடிச்சுப் போனோம். மின்சார ரயிலுக்குப் பத்து ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மெட்ரோவுக்குக் கூடுதல்தான், ஆனா ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாலும் அம்பது ரூபாய்க்கு மேல கிடையாது. சின்னமலை தாண்டினதும் ரயில் பூமிக்குள்ள இறங்குது. வீட்டம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நானும்தான் பிடிச்சிருந்தேன், ஆனா வெளியில சொல்லலை.

எல்.ஐ.சி. ஸ்டேஷன்ல மேல ஏறி வந்தா நேரா அந்தப் பழைய 14 மாடிக் கட்டடம். 1959ல திறந்தது. எங்க அப்பா வாழ்நாள்ல ஒரே ஒருதரம் மெட்ராஸ் போய், இந்தக் கட்டடத்தைக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துட்டு வந்து, சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தார். இப்ப அதைச் சுத்தி அதைவிட உசரமா எத்தனையோ வந்துடுச்சு. ரோட்டுல போறவங்க யாரும் அதை நிமிர்ந்து பார்க்கலை. நாங்க ரெண்டு பேரும் நின்னு மாடியை எண்ணினோம். எனக்கு ஒருதரம் பதிமூணு வந்துச்சு, ஒருதரம் பதினஞ்சு வந்துச்சு.

அங்கிருந்து ஸ்பென்சர் பிளாசா நடக்கிற தூரம். ஒரு காலத்துல மெட்ராஸ் போயிட்டு வந்தவங்க வாயில ஸ்பென்சர்தான். இப்ப கூட்டம் குறைஞ்சு, பூட்டிக் கிடக்கிற கடைங்க நிறைய. கூட்டமெல்லாம் 2010ல வந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி பீனிக்ஸ், அண்ணா நகர் வி.ஆர்.னு போயிடுச்சு. நெல்லுல புது ரகம் வந்தா பழைய ரகத்தை விதைக்கு ஆள் தேடுற மாதிரிதான்.

மால் பத்தி என் கருத்தைக் கேட்டா, நாம பயப்படுற அளவுக்கு அங்க ஒண்ணும் இல்லை. உள்ள போக டிக்கெட் கிடையாது. கத்திரி வெயில்ல குளுகுளுன்னு இருக்கு. எதுவும் வாங்காம ரெண்டு மணி நேரம் சுத்தலாம், யாரும் கேட்கிறதில்லை. பாதி சனம் அப்படித்தான் சுத்துது, கையில பை இருக்கான்னு பார்த்தாலே தெரியும். எஸ்கலேட்டர்ல வீட்டம்மா கால் வைக்கத் தயங்கி நின்னப்ப, காலேஜ் பொண்ணு ஒண்ணு, "ஆன்ட்டி, என் கையைப் பிடிச்சுக்கோங்க"ன்னு ஏத்தி விட்டுச்சு. அப்புறம் இவ இறங்குறதுக்கும் ஏறுறதுக்கும்னு நாலு தரம் போயிட்டு வந்தா. நான் கீழேயே நின்னு வேடிக்கை பார்த்தேன்.

அவ ரொம்ப மெச்சினது எதைத் தெரியுமா? கழிவறையை. சுத்தமா இருந்துச்சு, காசும் கிடையாது. நம்ம வீட்டுப் பொம்பளைங்க வெளியூர் போகணும்னா முதல் நாள் ராத்திரியிலேர்ந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுடுறாங்க. அது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு, ஒரு மால் வாசல்ல நின்னு தெரிஞ்சுக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு கிரானைட் ஒட்டுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சா என்ன?

குறையும் உண்டு. ஒரு மால்ல, எதுன்னு பேர் சொல்ல விரும்பலை, செக்யூரிட்டி என் மஞ்சப்பையை மட்டும் ரெண்டு தரம் துழாவினார். உள்ள புளிசாதம். வெளிச் சாப்பாடு கூடாதுன்னு சொல்லிட்டார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை, பேச்சைக் கேட்டா அவரும் நம்ம மாதிரி ஏதோ கிராமத்துலேர்ந்து வந்தவர்தான். வெளியில பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து சாப்பிட்டோம். இன்னொண்ணு, அரிசி அடுக்கி வச்சிருந்த இடத்துல மாப்பிள்ளைச் சம்பா பாக்கெட்டைப் பார்த்தேன். அரை ஏக்கர்ல நானும் போடுறேனே. அதுல ஒட்டியிருந்த விலையை இங்க எழுதலை. நான் வியாபாரிக்குப் போட்ட விலையும் உங்களுக்குத் தெரியும், ரெண்டையும் பக்கத்துல வச்சா எனக்குத் தூக்கம் வராது.

மறுநாள் எழும்பூர் மியூசியம். 1851ல ஆரம்பிச்சது. வெள்ளிக்கிழமை லீவு, போறவங்க கவனிச்சுக்குங்க. மாலை விட்டுட்டுக்கூடப் போகலாம், இதை விட்டுட்டுப் போகாதீங்க. செப்புத் திருமேனிங்க இருக்கிற கட்டடத்துல திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் நிக்கிறார். சோழர் காலத்துச் சிலை. திருவெண்காடு யார் ஊர்? சீர்காழிப் பக்கம், புதன் தலம். நம்ம ஊர் சனிக்கு அண்ணன் தம்பி உறவு. நாகப்பட்டினத்துல மண்ணுக்கடியிலேர்ந்து எடுத்த புத்தர் சிலைங்களும் அங்கதான் இருக்கு. நாகூர், நாகப்பட்டினம்னு மாசத்துக்கு ரெண்டு தரம் போறவன் நான். அங்க புத்தருக்கு விகாரம் இருந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சதை மறந்தே போயிருந்தேன். நம்ம மண்ணுல விளைஞ்சதைப் பார்க்க நாமதான் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கு. வீட்டம்மா அர்த்தநாரீஸ்வரர் முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. "பாதிப் பாதியாத்தான் இருக்காங்க"ன்னு மட்டும் சொன்னா. நான் பதில் பேசலை.

மூணாம் நாள்தான் விஷயம். எனக்குக் கால் வீங்கிப் போச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிட்டாங்க. இவ புடவையைக் கட்டிக்கிட்டு, "நான் தி.நகர் போயிட்டு வர்றேங்க"ன்னா. தனியாவா? "ரயில்தான் தெரியுமே, மாம்பலத்துல இறங்கினா ரங்கநாதன் தெரு"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டா. எனக்கு வாயில வார்த்தை வரலை.

ரெண்டு மணிக்கு வர்றேன்னவ நாலு மணி ஆகியும் வரலை. போன் அடிச்சா எடுக்கலை. மாடியிலேர்ந்து தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னேன். கோபமா பயமான்னு எனக்கே புரியலை. வாய்க்கால்ல தண்ணி வரும்னு கரையில ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கேன், அப்பல்லாம் இப்படிப் பதறினதில்லை. எனக்காக இவ எத்தனை ராத்திரி இப்படி வாசல்ல நின்னிருப்பான்னும் நினைச்சேன். அஞ்சு மணிக்குக் கட்டைப்பையோட வந்தா. மாம்பலத்துல தாம்பரம் பக்கம் போற வண்டின்னு நினைச்சு பீச் போற வண்டியில ஏறிட்டாளாம். "கோடம்பாக்கம்னு போர்டு பார்த்ததும் தெரிஞ்சு போச்சுங்க. கூட்டத்துல இறங்க முடியலை, நுங்கம்பாக்கத்துல இறங்கி, பாலம் ஏறி அந்தாண்ட போய் வேற வண்டி ஏறினேன்"னா. அழுதுக்கிட்டா சொன்னா? இல்லை. சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்கு ஒரு துண்டு வாங்கிட்டு வந்திருந்தா, பேரம் பேசி.

மூணு நாள் சுத்தினதுக்கு ரெண்டு பேருக்கும் வண்டிச் செலவு முன்னூறு ரூபாயைத் தாண்டலை. உரம் வாங்குற கடையில ஒரு மூட்டைக்கு மேலேயே போட்டு விக்கிறப்ப கேட்காத கணக்கை, இதுக்கு மட்டும் டீக்கடையில கேட்கிறாங்க. ஊதாரித்தனமாம். அப்படிச் சொல்றவங்க வீட்டுப் பொம்பளைங்க கடைசியா எப்ப எங்க போனாங்கன்னு நான் திருப்பிக் கேட்கலாம். கேட்கலை, ஊருக்குள்ள சண்டை வேண்டாம்னு. இலவசமா பஸ் விடுறது பொம்பளைங்களைக் கெடுக்குதுன்னு நானும் ஒரு காலத்துல இதே டீக்கடையில பேசினவன்தான். இப்ப சொல்றேன், அது தப்பான பேச்சு. நம்ம உள்ரோட்டு ஊர்களுக்கும் நேரத்துக்கு வர்ற பஸ் வேணும். நாலு பஸ் கூடுதலா விட்டா நாலு தெருப் பொம்பளைங்க புருஷன் வண்டியை எதிர்பார்க்காம காரைக்கால் போயிட்டு வருவாங்க.

வீட்டம்மா இப்ப காலண்டர் அட்டைக்குப் பின்னாடி மெயின் ரோட்டுல பஸ் வர்ற நேரமெல்லாம் எழுதி வச்சிருக்கா. யார் யாரையோ கேட்டு எழுதினது. அடுத்த வாரம் தரங்கம்பாடிக் கோட்டை பார்க்கப் போறாளாம், பக்கத்து வீட்டு அக்காவோட. நானும் வேணும்னா வரலாம்னு சொல்லியிருக்கா.